மாப்பிள்ளையின் குத்துச்சண்டையும் எங்கள் வீட்டுப் பெட்டியும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் இதைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. உங்கள் அத்தைக்கு இடது முழங்காலில் வலி இருக்கிறது, ஆனால் டாக்டரிடம் போகிற நாளில் மட்டும் அது இருப்பதில்லை என்பதால் வைத்தியம் பார்க்க வழியில்லாமல் இருக்கிறது. இதெல்லாம் நேற்று போனில் பேசியதுதான். இருந்தாலும் கடிதம் என்று உட்கார்ந்துவிட்டால் நலம் சொல்லாமல் ஆரம்பிக்க எனக்குக் கை வராது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் மகள் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள். நான் சொல்லப்போவது ஸ்பீக்கரில் வரக்கூடிய விஷயம் இல்லை. இதை உங்கள் அலுவலகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, கூடுமானவரை உட்கார்ந்தபடி படிக்கவும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் சனிக்கிழமைக் குத்துச்சண்டை நிகழ்ச்சியின் ரேட்டிங் ஏறியதற்குக் காரணம், உங்கள் சேனல்காரர்கள் நினைப்பதுபோல இளைஞர்களுக்குக் குத்துச்சண்டை மோகம் வந்தது அல்ல. காரணம் நான். எனக்குத் துணை உங்கள் அத்தை. அவளுக்குத் துணை அவளுடைய அண்ணன், நம்முடைய ஸ்டேஷன் மாஸ்டர். மூன்று பேருக்கும் சேர்த்து வயது இருநூற்று நான்கு. இந்த மூன்று பேரும் செய்த கள்ளத்தனத்தைத்தான் நீங்கள் போன மாதம் கேக் வெட்டிக் கொண்டாடினீர்கள்.

முதலில் இருந்து சொன்னால்தான் புரியும். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தோளில் கனமான பை, காதுக்குப் பின்னால் பேனா. எந்தெந்த வீட்டில் என்னென்ன நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று அளக்கிற கம்பெனியிலிருந்து வருகிறேன், உங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைக்கலாமா என்று கேட்டார். அளக்கிற கம்பெனி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியவர், படிக்கல்லைக் குடைந்து ஈயத்தை எடுத்தவர், லிட்டர் குவளையின் அடியை உள்பக்கமாகத் தட்டிவைத்தவர் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் அளக்கவும் கூப்பிடவில்லை, அளந்ததைச் சரிபார்க்கவும் கூப்பிடவில்லை. வீடு தேடி ஒரு அளவுகோல் வந்தால் வேண்டாம் என்பேனா? உள்ளே வாருங்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள் என்றேன்.

அவர் ஒரு படிவத்தை எடுத்துக் கேள்வி கேட்டார். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, குளிர்சாதனப் பெட்டி உண்டா என்று போய்க்கொண்டிருந்தது. குடும்பத்தில் யாராவது டிவி சேனலில் வேலை பார்க்கிறார்களா என்று ஒரு கேள்வி வந்தது. நான், மாப்பிள்ளை விளையாட்டுத் துறையில் இருக்கிறார் என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உங்களைப் பற்றி யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். இரண்டு பேர் அடித்துக்கொள்வதை டிவியில் போடுவதுதான் மாப்பிள்ளைக்கு வேலை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. விளையாட்டுத் துறை என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பின்னால் ஒரு பீரோ என்று கேட்பவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பெண், "பி.டி. மாஸ்டரா சார்?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அவர் எழுதிக்கொண்டார். உடற்பயிற்சி ஆசிரியர் என்று அந்தப் படிவத்தில் இருக்கும் மனிதர் நீங்கள்தான்.

பெட்டியோடு ஒரு ரிமோட் கொடுத்தார். அதில் ஒன்றாம் எண் பொத்தான் எனக்கு, இரண்டாம் எண் உங்கள் அத்தைக்கு. டிவி முன்னால் உட்கார்ந்ததும் அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். விருந்தாளி வந்தால் அதற்கு ஒரு தனிப் பொத்தான். அதை அமுக்கி, வந்தவர் ஆணா பெண்ணா, வயது என்ன என்று பதிய வேண்டும். கால் மணிக்கு ஒரு தரம் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கும். இன்னும் பார்க்கிறீர்களா என்று அர்த்தம். வீட்டில் பெட்டி இருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். கிளம்பும்போது, சார், உங்க வீடு ஒண்ணு பன்னிரண்டாயிரம் வீட்டுக்குச் சமம், பார்த்துக்குங்க என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. பன்னிரண்டாயிரம் வீட்டுக்கு ஒரே படிக்கல்லாக நான் உட்கார்ந்திருக்கிறேன். நான் செய்தி பார்த்தால் பன்னிரண்டாயிரம் பேர் செய்தி பார்க்கிறார்கள். உங்கள் அத்தை அடுப்பை அணைக்க எழுந்தால் பன்னிரண்டாயிரம் பெண்கள் அடுப்பை அணைக்க எழுகிறார்கள். கொட்டாவி விடுவதற்குக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. நல்ல தரமான நிகழ்ச்சிகளாகப் பார்ப்போம் என்று ஆழ்கடல் பற்றியும் நிலக்கரி பற்றியும் பார்த்தேன். உங்கள் அத்தை, பன்னிரண்டாயிரம் வீட்டுப் பெண்கள் சார்பில் கேட்கிறேன், சீரியலைப் போடுங்கள் என்றாள்.

பெட்டி வந்து பதினைந்தாம் நாள் நீங்கள் இருவரும் இங்கே சாப்பிட வந்தீர்கள். பெட்டியின் மேல் நான் நாட்காட்டியைச் சாய்த்து வைத்திருந்தேன், நீங்கள் கவனிக்கவில்லை. அன்று நீங்கள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. இரண்டாம் முறை பரிமாற வந்தபோது தட்டைக் கையால் மறைத்துக்கொண்டீர்கள். எங்கள் மகள்தான் மெதுவாகச் சொன்னாள். விளையாட்டுச் சேனல்களையே இப்போது யாரும் பார்ப்பதில்லையாம், அதிலும் குத்துச்சண்டையைச் சுத்தமாக யாரும் பார்ப்பதில்லையாம், உங்கள் நிகழ்ச்சிக்குப் புள்ளிக்குப் பிறகு இரண்டு பூஜ்யம் போட்டு அதற்கப்புறம்தான் ஏதோ ஒரு எண் வருகிறதாம். மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள், ஏறாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தைக் காய் நறுக்கும் கருவி விற்கிற விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், உங்களையும் உங்களோடு இருக்கிற ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் தண்ணீர்க் குவளையை ஒரு சுற்று சுற்றி, மறுபடி ஒரு சுற்று சுற்றினீர்கள். கடைசியில் ஒன்று சொன்னீர்கள், உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. "பார்க்கறவங்க இருக்காங்க மாமா. எங்கேயோ இருக்காங்க. கணக்குலதான் வரமாட்டேங்கறாங்க."

அதைக் கேட்டதும் என் பார்வை தானாக நாட்காட்டிக்குப் போயிற்று.

மாப்பிள்ளை, அன்று ராத்திரி நான் எந்தத் தப்பும் செய்வதாக நினைக்கவில்லை. குத்துச்சண்டை பார்க்கக் கூடாது என்று கம்பெனியின் பதினான்கு பக்க விதிப் புத்தகத்தில் எங்கும் இல்லை. மாமனார் மாப்பிள்ளையின் நிகழ்ச்சியைப் பார்ப்பது குற்றமா? சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, நேராக உட்கார்ந்து, ஒன்றாம் எண் பொத்தானை அமுக்கினேன். முதல் காட்சியே எடை பார்ப்பது. இரண்டு பேரும் அரைக்கால் சட்டையோடு ஒவ்வொருவராகத் தராசில் ஏற, ஒரு அதிகாரி குனிந்து படித்து எடையைச் சத்தமாகச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் வேலைக் காலத்தில் நான் படித்த எடைக்கு யாரும் மூச்சைப் பிடித்ததில்லை, முனகித்தான் இருக்கிறார்கள். அந்தத் தராசு சமதளத்தில் இல்லை, இடது பக்கம் அரை விரல்கடை தாழ்ந்திருந்தது, முத்திரையும் கண்ணில் படவில்லை என்பதைக் குறித்துவைத்தேன். குத்துச்சண்டைச் சங்கத்துக்கு இரண்டு பக்கத்தில் எழுதியும் போட்டேன். பதில் இல்லை.

இந்த எடைப் பிரிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐம்பத்தொரு கிலோ ஆளை ஈ எடை என்கிறார்கள். ஐம்பத்தேழு கிலோ ஆளை இறகு எடை என்கிறார்கள். அப்படியானால் ஈயைவிட இறகு ஆறு கிலோ கனம். எந்தக் கடையிலாவது இப்படி எழுதிப் போட்டிருந்தால் நான் கதவுக்குச் சீல் வைத்திருப்பேன். மதிப்பெண் போடுகிற முறையும் எனக்குப் பிடிபடவில்லை. மூன்று நிமிஷம் ஒருவர் அடிக்கிறார், இன்னொருவர் அடி வாங்குகிறார். அடித்தவருக்குப் பத்து மதிப்பெண், சரி. அடி வாங்கியவருக்கு ஒன்பது. அடி வாங்குவதற்கே ஒன்பது மதிப்பெண் உண்டு என்று தெரிந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தில் நன்றாகத் தேறியிருப்பேன்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே என்று ஏமாந்துவிடாதீர்கள். இவ்வளவும் முதல் இருபது நிமிஷத்தில் தெரிந்துகொண்டது. அதற்கு மேல் நான் பார்த்ததில்லை. எடை பார்த்து முடித்து, மணி அடித்து, சண்டை ஆரம்பித்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. அது என் தப்பு இல்லை, அந்தச் சுற்றல் அப்படி. உங்கள் வர்ணனையாளரின் குரலும் தலையைத் தடவிக் கொடுப்பதுபோல இருக்கிறது. முதல் சனிக்கிழமையே நான் தூங்கிவிட்டேன். கால் மணி ஆனதும் சிவப்பு விளக்கு மினுக்கியிருக்கிறது. உங்கள் அத்தை ரிமோட்டை எடுத்து எனக்காக ஒன்றாம் எண்ணை அமுக்கியிருக்கிறாள். விழித்ததும் விஷயம் தெரிந்தது. தூங்குகிறவனைப் பார்வையாளன் என்று பதிவதும், காலிப் படியை நிறைபடி என்று அளப்பதும் ஒன்றுதான் என்றேன். அவள் விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாள். ஆறாம் பக்கத்தில், திரையைப் பார்க்கும் நிலையில் அறையில் இருப்பவர் பார்வையாளர் ஆவார் என்று போட்டிருந்தது. அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்து, "நிலையிலன்னுதானே போட்டிருக்கு. கண்ணைத் திறந்துன்னு போடலையே" என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். திரைக்கு நேராக உட்கார்ந்திருந்தேன், முகம் திரையைப் பார்த்துத்தான் இருந்தது. நான் முப்பத்து நான்கு வருஷமாக விதியின் வார்த்தையை வைத்துத்தான் மற்றவர்களை மடக்கினேன். அதே வார்த்தையை வைத்து என்னை மடக்கியவள் உங்கள் அத்தை ஒருத்திதான். இருந்தும் மனம் ஒப்பாமல் மறுநாள் பெட்டி வைத்த பெண்ணுக்குப் போன் போட்டேன். ஒருவர் பார்க்கும் நிலையில் இருந்துகொண்டே தூங்கினால் என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டேன். அவர், எழுந்ததும் அமுக்குங்க சார் என்று வைத்துவிட்டார். எதற்கு அமுக்குவது, இருந்ததற்கா இல்லாததற்கா என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சந்தேகத்தின் பலனை நான் உங்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. இரண்டாம் வாரம் உங்கள் அத்தை தன் பங்குக்கு இரண்டாம் எண்ணை அமுக்கினாள். அவள் பார்ப்பதில்லை, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்தாள். கேட்டதற்கு, நிலை என்று போட்டிருக்கிறதே தவிர முகம் என்று போடவில்லையே என்றாள். மூன்றாம் வாரம் தன் அண்ணனை வரவழைத்தாள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுபத்து மூன்று வயது, காது மந்தம், உட்கார்ந்த நிமிஷத்தில் தூங்கக்கூடியவர், ஆனால் விறைப்பாக உட்கார்ந்து தூங்குவார், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் மணி அடிக்கும்போது மட்டும் திடுக்கிட்டு எழுந்து, ஏதோ வண்டியை அனுப்பிவைப்பதுபோல வலது கையை உயர்த்தி, சரி என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வாராம், உங்கள் அத்தைதான் சொன்னாள். எட்டு ரவுண்டு சண்டை என்றால் பதினாறு தடவை மணி. மனிதருக்கு மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

விருந்தாளிப் பொத்தானை உங்கள் அத்தைதான் அமுக்கினாள். வயது என்ன என்று பெட்டி கேட்டபோது நான் பாத்ரூமில் இருந்தேன். வெளியே வந்து பார்த்தால் பெட்டியின் முகப்பில், ஆண், இருபத்தைந்து என்று எழுத்து வந்து மறைந்தது. என்ன இது என்று கேட்டேன். அவள் சொன்ன நியாயம் இது: வயதானவர்கள் பார்த்தால் விளம்பரக்காரர்களுக்கு உபயோகம் இல்லை, இளைஞர்கள் பார்த்தால்தான் மதிப்பு என்று மாப்பிள்ளையே அன்று சாப்பிடும்போது சொன்னார், அண்ணனும் ஒரு காலத்தில் இருபத்தைந்து வயதில் இருந்தவர்தானே. நான் திருத்தச் சொன்னேன். திருத்துகிற வழி விதிப் புத்தகத்தில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பிறகு நீங்கள் தண்ணீர்க் குவளையைச் சுற்றியது ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். என் வாழ்க்கையில் தெரிந்தே நான் தப்பான அளவை விட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு அடுத்த சனிக்கிழமை, அதற்கடுத்த சனிக்கிழமை. ஒரு வாரம் கீழ்வீட்டுத் தையல்காரர் அளவுத் துணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் இரண்டு நிமிஷம் நின்றார். அவரும் இருபத்து மூன்று வயதுக்காரர் ஆகிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வாரம் ஒரு பூஜ்யம் போயிற்று. எட்டாம் வாரம் எங்கள் மகள் போன் செய்து, குதிக்காத குறையாகச் சொன்னாள், இளைஞர்களிடையே திடீரென்று மவுசு ஏறியிருக்கிறது, மோட்டார் சைக்கிள் கம்பெனியும் தாடி எண்ணெய்க் கம்பெனியும் விளம்பரம் கேட்கிறார்கள் என்று. தாடி எண்ணெய் விளம்பரம் வந்த முதல் சனிக்கிழமை நான் ஸ்டேஷன் மாஸ்டரின் வழுவழுப்பான மோவாயைப் பார்த்தேன், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். போன மாதம் நீங்கள் கேக்கின் போட்டோ அனுப்பினீர்கள். அதன் மேல் கிரீமில் ரேட்டிங் எண்ணை எழுதியிருந்தார்கள். உங்கள் ஏழு பேரும் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். கல்யாணப் போட்டோவில்கூட நீங்கள் அப்படிச் சிரிக்கவில்லை. உங்கள் அத்தை அந்தப் போட்டோவை எல்லோருக்கும் அனுப்பினாள். எனக்கு மட்டும் அந்த கிரீம் எண் என்னைப் பார்த்து விரலை நீட்டுவதுபோலவே இருந்தது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லமாட்டேன், இறங்கியது, ஆனால் ருசி தெரியவில்லை.

நேற்று நீங்களே போனில் வந்து, அடுத்த வருஷத்துக்கும் நிகழ்ச்சியை உறுதி செய்துவிட்டார்கள் மாமா என்று சொன்னீர்கள். எனக்கு வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. ஸ்பீக்கரில் இருந்ததால் நல்லது என்று மட்டும் சொன்னேன். பொய்யான தராசில் எடைபோட்ட வெற்றியை ஒரு மனிதர், அதுவும் என் மகளைக் கட்டிய மனிதர், தன் வெற்றி என்று நம்பிக்கொண்டு இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாளைக்கு இது வெளியே தெரிந்தால் மாமனாரை வைத்து ரேட்டிங் ஏற்றினார் என்று உங்கள் பெயர்தான் கெடும். அதனால் இன்று காலையில் மூன்று காரியம் செய்தேன். பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டு, வந்து பெட்டியை எடுத்துப் போங்கள், நேரில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். என் மேல் நானே ஒரு குற்ற அறிக்கை எழுதினேன். பழைய வழக்கப்படி மூன்று பிரதி. ஒன்று கம்பெனிக்கு, ஒன்று உங்கள் மேலதிகாரிக்கு, ஒன்று கோப்புக்கு. உங்கள் அத்தையைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன், இரண்டாம் குற்றவாளி எப்படிச் சாட்சி ஆக முடியும் என்று கேட்டுவிட்டுப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். மூன்றாவது காரியம் இந்தக் கடிதம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உடன் இருக்கும் இரண்டாம் பிரதியை உங்கள் மேலதிகாரியிடம் நீங்களே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று அதில் நான்கு இடத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். நிகழ்ச்சி போய்விடும் என்பது தெரியும். அந்த ஏழு பேர் முகமும் போட்டோவில் இருந்து எனக்கு மனப்பாடம். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை; எங்கள் மகளிடம் நீங்கள் சொல்லும்போது கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டுத் துறை என்று உங்களை நான் மறைத்துவைத்தது தனிக் குற்றம். அதற்குப் படிவம் இல்லாததால் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனக்கசப்பு இல்லாமல், எந்தத் தராசில் ஏறினாலும் சரியான எடை காட்டுகிறவர்களாக நீண்ட நாள் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறோம். உங்கள் அத்தை இந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை, ஆனால் ஆசீர்வாதத்தில் அவளும் சேர்த்தி. ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார், எழுப்பவில்லை.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்,
எடையளவு ஆய்வாளர், ஓய்வு

பின்குறிப்பு: மேலே உள்ள எல்லாவற்றையும் ரத்து செய்ததாகக் கொள்ளவும். குற்ற அறிக்கையை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். கடிதத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தால் இந்தப் பின்குறிப்பைக் கடைசித் தாளின் பின்பக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன், அதனால் முழுவதையும் அனுப்புகிறேன்.

உறையை ஒட்டப் போகும்போது பெட்டிக்காரப் பெண் வந்துவிட்டார். ஐந்தரை மணி. நான் எழுந்து நின்று, எனக்கும் உங்களுக்கும் உள்ள உறவிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டரின் உண்மையான வயது வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி, முதல் பிரதியை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு ஒயரை இழுத்தார். அது எங்கும் சொருகாமல் தனியாக வந்தது. பெட்டி வைத்த முதல் வாரமே முகத்தில் வெயில் அடிக்கிறது என்று டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். அன்றைக்குக் கழன்ற ஒயர். விளக்கு மினுக்குவது தனி மின்சாரத்தில். "உங்க வீடு நாலு மாசமா பழுதுன்னுதான் சார் எங்ககிட்ட இருக்கு. சரிபார்க்க வரணும்னு லிஸ்டுல இருந்தது, வர முடியல. உங்க வீட்டுலேர்ந்து ஒரு நம்பர்கூட வரல" என்றார். பன்னிரண்டாயிரம் வீடு என்று நான் கொட்டாவியை அடக்கியதெல்லாம் வீண். உறவு இருப்பதால் பெட்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்படியானால் அந்த ரேட்டிங் யாருடையது என்று நான் கேட்டேன். பார்க்கறவங்களோடதுதான் சார் என்றார்.

மாப்பிள்ளை, இன்று சனிக்கிழமை. அதற்குள் மணி ஆறாகி, பழக்கதோஷத்தில் உங்கள் அத்தை டிவியைப் போட்டுவிட்டாள். அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர், இன்னிக்கு யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கேட்டுத் திரும்பி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இந்த ப்ரோக்ராமை விடறதே இல்லை சார், இந்நேரத்துக்கு வேலையிருந்தா மறு ஒளிபரப்புல பார்த்துடுவேன் என்றார். எடை பார்ப்பதற்காகவா என்று ஆசையோடு கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். "ஜெயிச்சவரை எல்லாரும்தான் காட்டறாங்க. இதுலதான் தோத்தவர் பக்கமும் கேமரா போகும். அதுக்குத்தான்" என்றார்.

நான் அதைப் பார்த்ததே இல்லை. நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த இடம் வரை விழித்திருந்ததில்லை. இன்று விழித்திருந்தேன். கடைசி மணி அடித்தது, ஒருவர் கையைத் தூக்கினார்கள், கூட்டம் அவரைச் சூழ்ந்தது. கேமரா மெதுவாக எதிர் மூலைக்கு வந்தது. தோற்றவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆள் முன்னால் மண்டியிட்டு, கையுறைக் கயிற்றை ஒவ்வொரு துளையாக அவிழ்த்தார். வர்ணனையாளரும் பேசவில்லை. பேச வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்லிவைத்திருக்க வேண்டும். ஒன்றரை நிமிஷம் இருக்கும். கையுறை கழன்றதும் அந்த மனிதர் தன் விரல்களை ஒரு தடவை விரித்துப் பார்த்துக்கொண்டார். உங்கள் அத்தை துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். நான், அவள், அந்தப் பெண், மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டி பையில் இருந்தது.